முனையத்தில் எச்.டி.எம்.எல். கடிதங்கள்: மட் நிரலை அமைத்த அனுபவம்

பல ஆண்டுகளாக மின்னஞ்சலை, எழுத்துகள் மட்டுமே தோன்றும் கட்டளைத் திரையான முனையத்திலேயே படித்து வருகிறேன். தொலைவிலுள்ள ஒரு லினக்ஸ் கணினியில் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து மட் நிரலைத் திறந்தால், ஆயிரக்கணக்கான கடிதங்கள் கொண்ட பெட்டிகூட நொடிப்பொழுதில் விரிந்துவிடும். கை விசைப்பலகையை விட்டு அகலவே வேண்டாம். 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய இந்நிரலில் எனக்கிருந்த ஒரே குறை, இணையப் பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். வடிவில் மட்டுமே வரும் கடிதங்கள்தான். அவற்றைத் திறந்தால் கோணக் குறிகளும் நிற எண்களும் எழுத்துரு விதிகளும் திரை திரையாக ஓடும்; சொல்லவந்த செய்தி நான்காம் பக்கத்தில் எங்கோ இரண்டு வரியாகப் பதுங்கியிருக்கும். அத்தகைய கடிதங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே வந்தேன். ஒரு கூட்டத்தின் நேரமாற்றம் அப்படித் தள்ளிப்போட்ட கடிதம் ஒன்றில் இருந்ததைக் கூட்டம் முடிந்த பிறகு கண்டுபிடித்த அன்று, இதைச் சரிசெய்தே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

அமைப்புக் கோப்பில் எழுதும் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கோப்பில் அவை ஆங்கில எழுத்துகளில், சிறிய வடிவில் இருக்க வேண்டும்.

தொடங்குமுன் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொண்டது பின்னால் பெரிதும் உதவியது. மட் நிரலுக்கு எச்.டி.எம்.எல். தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் அதற்கு இல்லை. கடிதத்தைப் பகுதிகளாகப் பிரித்து, தனக்குத் தெரியாத பகுதியை வேறொரு நிரலிடம் கொடுத்து, அது திருப்பித் தரும் எழுத்துகளைத் தன் திரையில் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. எந்த வகைப் பகுதியை எந்த நிரலிடம் கொடுப்பது என்ற பட்டியல்தான் மெயில்கேப் கோப்பு. இது மட் நிரலின் கண்டுபிடிப்பும் அன்று. மைம் என்னும் பல்வகைக் கடித வடிவம் 1992இல் வரையறுக்கப்பட்டபின், 1993இல் ஆர்.எஃப்.சி. 1524 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்தப் பட்டியலின் இலக்கணத்தை வகுத்தது. அன்று எழுதிய வடிவம் இன்றும் மாறாமல் வேலை செய்கிறது. ஒரு வரியில் முதலில் பகுதியின் வகை, பிறகு அரைப்புள்ளி, பிறகு கட்டளை, அதன் பின்னால் அரைப்புள்ளிகளால் பிரித்த சில குறிப்புகள்; அவ்வளவே.

மொழிபெயர்க்கும் நிரலாக முதலில் டபிள்யூ3எம் என்னும் எழுத்துவழி உலாவியைத் தேர்ந்தேன். அதற்கு ‘டம்ப்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால், பக்கத்தைத் திரையில் திறந்து காத்திராமல் வெறும் எழுத்தாகக் கொட்டிவிட்டு வெளியேறிவிடும். மெயில்கேப் கோப்பில் ‘டெக்ஸ்ட்/எச்.டி.எம்.எல்.’ வகைக்கு அந்தக் கட்டளையை எழுதினேன். தற்காலிகக் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியையும் ‘எஸ்’ எழுத்தையும் இட்டேன். மட் நிரலின் அமைப்புக் கோப்பில் ‘ஆட்டோ_வியூ’ என்ற கட்டளையுடன் அதே வகையைக் குறித்தேன். நிரலை மூடித் திறந்தேன். அதே கோணக் குறிகள், அதே நிற எண்கள். பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

கட்டளையில்தான் தவறோ என்று ஐயுற்று, கடிதத்தில் ‘வி’ விசையை அழுத்திப் பகுதிகளின் பட்டியலைத் திறந்து, எச்.டி.எம்.எல். பகுதியை ஒரு கோப்பாகச் சேமித்து, அதே கட்டளையை முனையத்தில் கையால் ஓட்டிப் பார்த்தேன். அழகாக வேலை செய்தது. இந்தச் சோதனையை யாரும் முதலிலேயே செய்துவிடுவது நல்லது; பழுது மொழிபெயர்ப்பவரிடமா, அவரிடம் கொடுத்தனுப்புபவரிடமா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். கோளாறு கொடுத்தனுப்பியதில்தான் இருந்தது. மெயில்கேப் வரியின் முடிவில் ‘கோப்பியஸ்அவுட்புட்’ என்ற குறிப்பை நான் எழுதவில்லை. இந்தக் கட்டளை யாருடனும் உரையாடாமல் எழுத்தைக் கொட்டிவிட்டு முடிந்துவிடும் என்று மட் நிரலுக்கு உறுதி சொல்வது அந்த ஒரு சொல்தான். அது இல்லாத வரிகளைத் தானாகக் காட்டும் வேலைக்கு மட் எடுத்துக்கொள்வதே இல்லை. பொருத்தமான வரி கிடைக்காதபோது முணுமுணுக்காமல் மூல எழுத்தையே காட்டிவிடுகிறது. சொல்லைச் சேர்த்ததும் கடிதம் படிக்கும் நிலைக்கு வந்தது. மெயில்கேப் கோப்பை மட் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிப்பதால் அதை மாற்றினால் நிரலை மூடித் திறக்கத் தேவையில்லை என்பதையும் அப்போது கவனித்தேன்.

மகிழ்ச்சி அரைமணி நேரம் நீடித்தது. அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடிதங்கள்கூட இப்போது உருமாறித் தெரிந்தன. நண்பர் ஒருவர் கச்சிதமாகப் பத்தி பிரித்து எழுதும் கடிதங்கள், இடைவெளிகள் தாறுமாறாகி, ஒவ்வொன்றின் தலையிலும் தானியங்கிக் காட்சி என்ற அறிவிப்பு வரியோடு வந்தன. இதற்குக் காரணம் ஒரே கடிதத்தை இரு வடிவில் அனுப்பும் வழக்கம். பெரும்பாலான அஞ்சல் நிரல்கள் ‘மல்டிபார்ட்/ஆல்டர்நேடிவ்’ என்ற உறைக்குள் எளிய எழுத்து வடிவை முதலிலும் எச்.டி.எம்.எல். வடிவைக் கடைசியிலும் வைத்து அனுப்புகின்றன. 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 2046 வகுத்த முறையும் அதுதான்: மூலத்துக்கு மிக நெருக்கமான வடிவம் கடைசியில் வரவேண்டும், பெறும் நிரல் தன்னால் காட்ட முடிந்தவற்றுள் கடைசியானதைத் தேர்ந்துகொள்ளலாம். மட் நிரலுக்கு இதில் தனி வரிசை உண்டு. பயனர் எழுதிய முன்னுரிமைப் பட்டியலை அது முதலில் பார்க்கும். அது இல்லையென்றால் ‘ஆட்டோ_வியூ’ சொல்லப்பட்ட வகையைத் தேடும். அதுவும் இல்லையென்றால்தான் எளிய எழுத்துக்கு வரும். ஆகவே நான் சேர்த்த அந்த ஒற்றை வரி, எச்.டி.எம்.எல்.ஐப் படிக்க வழி செய்ததோடு நிற்காமல், எளிய எழுத்தைவிட அதையே உயர்த்தியும் வைத்துவிட்டது.

‘ஆல்டர்நேடிவ்_ஆர்டர்’ என்ற கட்டளையில் எளிய எழுத்தை முதலிலும் எச்.டி.எம்.எல்.ஐ அடுத்தும் குறித்ததும் நண்பரின் கடிதங்கள் பழைய வடிவுக்கு மீண்டன. ஆயினும் இதற்கும் ஒரு விலை இருந்தது. சில தானியங்கிக் கடிதங்கள் எளிய எழுத்துப் பகுதியில் ‘உங்கள் நிரல் இக்கடிதத்தைக் காட்ட இயலாது, உலாவியில் திறக்கவும்’ என்ற ஒரே வரியை மட்டும் வைத்து அனுப்புகின்றன. வேறு சில, வெற்றுப் பகுதியையே அனுப்புகின்றன. மாற்று வடிவம் என்ற பெயரில் வெறும் உறையை அனுப்புவது எனக்கு ஏமாற்றாகவே படுகிறது. இவற்றுக்காக ‘மெசேஜ்-ஹூக்’ கட்டளையைப் பயன்படுத்தினேன். ஒரு கடிதத்தைத் திறக்குமுன், நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டளைகள் எல்லாவற்றையும் அது எழுதிய வரிசையில் நிறைவேற்றும். முதல் வரியில் எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவாக, பழைய முன்னுரிமையை அழித்து எளிய எழுத்தை முதலில் வைத்தேன். அடுத்த வரிகளில், குறிப்பிட்ட சில அனுப்புநர்களுக்கு மட்டும் மீண்டும் அழித்து எச்.டி.எம்.எல்.ஐ முதலில் வைத்தேன். அழிக்கும் கட்டளையை விட்டுவிட்டால், ஒரு கடிதத்துக்குச் செய்த மாற்றம் அடுத்த கடிதத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். பொது வரியை முதலில் எழுத மறந்து ஒரு மாலை முழுவதும் இதில் தடுமாறினேன்.

மிகுதியான நேரத்தை விழுங்கியது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறைதான். தமிழில் வந்த ஒரு செய்திமடலைத் திறந்தபோது, தலையில் சாய்கோடிட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்து திரையை நிறைத்தன. தமிழ் வாசகர் எவரும் எப்போதாவது பார்த்திருக்கும் காட்சி இது, காரணமும் எளிது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களும் யூ.டி.எஃப்.-8 முறையில் மும்மூன்று பைட்டுகளாகின்றன. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த பைட்டுகளை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான ஐ.எஸ்.ஓ. 8859-1 என்று எடுத்துக்கொண்டு படித்தால், 224 சாய்கோடிட்ட ‘ஏ’ ஆகவும் 174 வட்டத்து ‘ஆர்’ ஆகவும் தெரியும். ஆக, பைட்டுகள் பழுதில்லாமல் வந்து சேர்ந்துள்ளன, படிப்பவருக்குத்தான் அவற்றின் குறியாக்கம் சொல்லப்படவில்லை என்பது உறுதியாயிற்று. எளிய எழுத்துப் பகுதியை மட் தானே குறியாக்கம் மாற்றிக் காட்டுகிறது, ஆனால் எச்.டி.எம்.எல். பகுதியை வெளி நிரலிடம் கொடுக்கும்போது, கடத்தலுக்காக எழுத்துகளை மாற்றிக் கட்டிய பொதியை மட்டும் அவிழ்த்துவிட்டு, பைட்டுகளை வந்தவாறே கொடுத்துவிடுகிறது. கடிதத்தின் தலைப்பில் அனுப்புநர் குறித்த குறியாக்கப் பெயரை மெயில்கேப் வரியே எடுத்துச் சொல்ல வேண்டும். விழுக்காட்டுக் குறியை அடுத்து நெளிவு அடைப்புக்குள் ‘சார்செட்’ என்று எழுதினால் அந்த இடத்தில் மட் அப்பெயரை நிரப்பும். அதை டபிள்யூ3எம் நிரலின் உள்ளீட்டுக் குறியாக்க விருப்பத்துக்கும், யூ.டி.எஃப்.-8 என்பதை வெளியீட்டு விருப்பத்துக்கும் கொடுத்தேன். செய்திமடல் தமிழானது.

ஒரு எச்சரிக்கை. பழக்க தோஷத்தால் இந்த நிரப்பிடங்களைச் சுற்றி மேற்கோள் குறி இட்டுவிட்டேன், அது தவறு. குறியாக்கப் பெயர் என்பது அனுப்புநர் எழுதி அனுப்பும் சொல். அது கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லுக்கு நேராகப் போகிறது. தீய எண்ணம் கொண்டவர் அதில் எதையும் எழுதியனுப்பலாம். ஆகவே மட் நிரலே அதைத் தூய்மைப்படுத்தி, தகுந்த மேற்கோளுக்குள் வைத்துத்தான் ஷெல்லிடம் தருகிறது. நாமும் ஒரு மேற்கோளைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பே குலைந்துபோகும். மட் கையேடும் இதைச் செய்யவேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

குறியாக்கமே குறிக்காத கடிதங்கள் அடுத்து வந்தன. அவற்றை மட், ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொண்ட வெறும் ஆஸ்கி என்று வைத்துக்கொள்கிறது. அந்தப் பெயரே டபிள்யூ3எம் நிரலுக்கும் போய்ச் சேர்ந்து, தமிழ் எழுத்துகள் மீண்டும் சிதைந்தன. ‘அசியூம்ட்_சார்செட்’ என்ற அமைப்பில் யூ.டி.எஃப்.-8 என்று குறித்ததும் இது தீர்ந்தது. கடைசியாகச் சிக்கியவை பொய் சொல்லும் கடிதங்கள்: தலைப்பில் ஐ.எஸ்.ஓ. 8859-1 என்று எழுதிவிட்டு, உள்ளே யூ.டி.எஃப்.-8 அனுப்புபவை. பார்த்துக்கொண்டிருக்கும் பகுதியின் வகையையும் குறியாக்கத்தையும் அந்த நேரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ள கன்ட்ரோல்-ஈ விசை இருக்கிறது. மாதம் ஒரு கடிதத்துக்கு அது போதும். எனக்கு வாரம் நான்கு வந்தன.

ஆகவே மெயில்கேப் வரியில் உலாவியை நேராக அழைக்காமல், ஒரு சிறு ஷெல் நிரலை எழுதி அதை அழைத்தேன். அது கோப்பின் பெயரையும் குறியாக்கப் பெயரையும் பெற்றுக்கொண்டு, குறியாக்கம் மாற்றும் ‘ஐகான்வ்’ கட்டளையால் கோப்பை யூ.டி.எஃப்.-8இலிருந்து யூ.டி.எஃப்.-8க்கே மாற்ற முயலும். முயற்சி பிழையின்றி முடிந்தால் கோப்பு முறையான யூ.டி.எஃப்.-8, தலைப்பு சொல்வதைப் புறக்கணிக்கலாம். ஆங்கிலமல்லாத எழுத்துகள் கலந்த மேற்கு ஐரோப்பிய உரை தற்செயலாக முறையான யூ.டி.எஃப்.-8 ஆக அமைவது மிக அரிது என்பதால் இந்தச் சோதனையை நம்பலாம். முதலில் இதை எல்லாக் கடிதங்களுக்கும் செய்தேன். ஜப்பானிய மொழிக் கடிதம் ஒன்று அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. ஐ.எஸ்.ஓ. 2022-ஜே.பி. குறியாக்கம் ஏழு பிட்டுகளுக்குள் அடங்குவதால், அதுவும் முறையான யூ.டி.எஃப்.-8 போலவே சோதனையில் தேறிவிடுகிறது. இப்போது தலைப்பு ஆஸ்கி, ஐ.எஸ்.ஓ. 8859-1, விண்டோஸ்-1252 ஆகிய மூன்றில் ஒன்றைச் சொன்னால் மட்டுமே சோதனை ஓடும். மற்றப் பெயர்களை அப்படியே நம்புகிறேன். மெயில்கேப் வரியில் மேற்கோள் கூடாது என்றேன். இந்த ஷெல் நிரலுக்குள் மட்டும் பெறும் மதிப்புகளைச் சுற்றி மேற்கோள் கட்டாயம் வேண்டும்.

எந்த உலாவி என்பதில் என் எண்ணம் இடையில் ஒருமுறை மாறி, பிறகு பாதியளவு திரும்பி வந்தது. டபிள்யூ3எம் அட்டவணைகளை நன்றாக வரையும். வரவுசெலவுப் பட்டியல் போன்றவை வரிசை பிசகாமல் தெரியும். ஆனால் விளம்பரக் கடிதங்களும் செய்திமடல்களும் பக்க அமைப்புக்காகவே அட்டவணைக்குள் அட்டவணை வைத்துக் கட்டப்படுகின்றன. அவற்றையும் டபிள்யூ3எம் நேர்மையாக வரைந்துவைப்பதால், எழுத்து வலது ஓரத்தில் ஒடுங்கிப்போய் இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். லிங்க்ஸ் உலாவி அட்டவணையைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் வரிகளாகத் தட்டையாக்கிவிடுவதால் செய்திமடலுக்கு அதுவே மேல். தமிழ் எழுத்தில் டபிள்யூ3எம் அட்டவணைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: உயிர்மெய்க் குறிகள் எத்தனை கட்டம் அகலம் கொள்ளும் என்பதில் உலாவியின் கணக்கும் முனையத்தின் கணக்கும் ஒத்துப்போவதில்லை, நெடுவரிசைகள் ஒவ்வொரு வரியிலும் சற்றே நகர்ந்து நிற்கும். இதற்கு நான் தீர்வு காணவில்லை, பழகிக்கொண்டேன். முடிவில் டபிள்யூ3எம் நிரலையே வழக்கமானதாக வைத்து, அகலத்தை 76 எழுத்தாகக் கட்டினேன். லிங்க்ஸ் வழியாகப் பார்க்க ஒரு விசையை ஒதுக்கினேன்.

சில கடிதங்கள் எழுத்தே இல்லாமல் முழுக்கப் படமாக வருகின்றன. அவற்றுக்கு வரைகலை உலாவி வேண்டும். மெயில்கேப் கோப்பில் ஒரே வகைக்கு இரண்டு வரிகள் எழுதலாம். மேலே பயர்பாக்ஸ், கீழே ‘கோப்பியஸ்அவுட்புட்’ குறித்த ஷெல் நிரல் என்று வைத்தால், தானாகக் காட்டும்போது மட் இரண்டாவதை எடுக்கும். பகுதிப் பட்டியலில் ‘எம்’ விசையை அழுத்தினால் முதலாவதை எடுக்கும். ஒரே அமைப்புக் கோப்பைத் தொலைக் கணினியிலும் மடிக்கணினியிலும் வைத்திருப்பதால், பயர்பாக்ஸ் வரியில் ‘டெஸ்ட்’ என்ற குறிப்பைச் சேர்த்து, வரைகலைத் திரை இருக்கும்போது மட்டும் அந்த வரி பொருந்துமாறு செய்தேன். கோப்பின் பெயர் எச்.டி.எம்.எல். என்ற பின்னொட்டோடு முடிய ‘நேம்டெம்ப்ளேட்’ என்ற குறிப்பும் தேவைப்பட்டது.

அப்படியும் உலாவி ‘கோப்பு காணப்படவில்லை’ என்றது. ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவி, புதிய முகவரியைத் தன் பழைய சாளரத்திடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடுகிறது. வேலை முடிந்தது என்று எண்ணி மட் தற்காலிகக் கோப்பை அழித்துவிடுகிறது. சாளரம் கோப்பைத் தேடும்போது அது இல்லை. சிலர் கட்டளையின் பின்னால் சில நொடி உறக்கத்தைச் சேர்க்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவான நாளில் ஐந்து நொடியும் போதாது, வேகமான நாளில் ஐந்து நொடியும் வீண். கோப்பை எனக்கு மட்டும் அனுமதியுள்ள ஓர் அடைவில் நகலெடுத்து, நகலைத் திறக்கும் மூன்றுவரி ஷெல் நிரல் எழுதினேன். ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் அந்த அடைவு காலியாகும். வரைகலை உலாவியில் திறக்கும் அந்தக் கணத்தில் கடிதத்திலுள்ள தொலைப் படங்களும் இறங்கும். ஒரு புள்ளி அளவே உள்ள கண்காணிப்புப் படம் இருந்தால், நான் கடிதத்தைத் திறந்தேன் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். எழுத்தாகக் கொட்டும்போது படங்கள் எடுக்கப்படுவதில்லை. ஆகவே ‘எம்’ விசையை யோசித்தே அழுத்துகிறேன்.

இணைப்பு முகவரிகள்தான் மீதமிருந்தன. எழுத்தாகக் கொட்டும்போது ‘இங்கே அழுத்தவும்’ என்ற சொல் மட்டும் வரும், எங்கே என்பது வராது. டபிள்யூ3எம் நிரலில் இணைப்புகளுக்கு எண் இடும் விருப்பம் உண்டு. சொல்லின் அருகே எண்ணும் கடிதத்தின் அடியில் முகவரிப் பட்டியலும் வந்தன. ஒரு வாரம் மனநிறைவோடு இருந்தேன். பிறகு எச்.டி.எம்.எல். கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுதினேன். பதிலில் மேற்கோளாக வருவதும் அதே மொழிபெயர்த்த எழுத்துதான் என்பது வசதியே; ஆனால் அடியிலிருந்த பட்டியலும் கூடவே வரும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ‘சரி, வருகிறேன்’ என்ற என் இரண்டு சொல்லின் கீழே, ஒவ்வொன்றும் முந்நூறு எழுத்து நீளமுள்ள நாற்பது முகவரிகளைப் பெற்றவர், என் கணக்கு களவுபோய்விட்டதா என்று தொலைபேசியில் விசாரித்தார்.

எண்ணிடும் விருப்பத்தை அன்றே நீக்கினேன். அதற்கு மாற்றாக, கடிதத்தை ‘யுஆர்எல்ஸ்கேன்’ என்ற நிரலுக்கு அனுப்பும் குறுவழியைக் கன்ட்ரோல்-பி விசையில் வைத்தேன். அது கடிதத்தின் இணைப்புகளைச் சுற்றியுள்ள சொற்களோடு பட்டியலிடும், வேண்டியதைத் திறக்கலாம். முன்பு பயன்படுத்திய ‘யுஆர்எல்வியூ’ கடிதத்தை வெறும் எழுத்தாகவே தேடும். கடத்தல் பொதியில் வரிகள் 76 எழுத்தில் வெட்டுப்பட்டு, சமக்குறி ஒவ்வொன்றும் சமக்குறி-மூன்று-டி என்று மாறியிருப்பதால், நீண்ட முகவரிகள் அதில் முறிந்தே வந்தன. யுஆர்எல்ஸ்கேன் பொதியைத் தானே அவிழ்த்துக்கொள்கிறது. ஆகவே, வெளி நிரலுக்கு அனுப்புமுன் பொதியை அவிழ்க்கும் ‘பைப்_டிகோட்’ அமைப்பை அணைத்துவிட்டு, கடிதத்தை மூல வடிவிலேயே அதற்கு அனுப்புகிறேன்.